தோள் கொடு தோழா... கையை இழுக்காதே!

கேட்ச்சைப் பிடிச்சுட்டான். பந்து கையில இருக்கு. ஆனா, கைதான் தோள்ல இல்லை!

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. காலை எட்டு மணி. பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துல இருக்கிற காலி மனையில டென்னிஸ் பால் மேட்ச். ஒரு பக்கம் பீர்க்கன்கரணை, இரும்புலியூர் பசங்க. இன்னொரு பக்கம் வண்டலூர் பசங்க. தோற்கிற டீம் ஜெயிக்கிற டீமுக்கு டிபன் வாங்கித் தரணும். இந்த உலகக் கோப்பையோட கடைசி ஓவர்லதான் நம்ம ஆள் பாய்ஞ்சான். வலது கையை முழுசா நீட்டி, காத்துல பறந்து, பந்தைப் பிடிச்சு, அதே கை மேல விழுந்தான்.

'அவுட்ரா!'ன்னு கத்திக்கிட்டே எல்லாரும் ஓடினோம். அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். இடது கையால வலது முழங்கையைத் தாங்கிப் பிடிச்சிருந்தான். முகமெல்லாம் வியர்வை. "மச்சி, கை என்னமோ ஆயிடுச்சுடா"ன்னு மட்டும்தான் சொன்னான். டி-ஷர்ட்டுக்கு மேலேயே தெரிஞ்சது. இடது தோள் வழக்கம்போல உருண்டையா இருக்கு. வலது தோள் மட்டும் ஹேங்கர்ல மாட்டின சட்டை மாதிரி மூலை தள்ளிக்கிட்டு நிக்குது.

அடுத்த நிமிஷமே கிரவுண்டுல பதினைஞ்சு டாக்டர் உருவாயிட்டாங்க!

"தண்ணி குடுடா!"

"ஜி.எஸ்.டி. ரோட்ல புத்தூர் கட்டு போர்டு பார்த்திருக்கேன். அங்க போயிடலாம்."

"சுவத்துல ஒரு மோது மோதினா உள்ள போயிடும். இங்கிலீஷ் படத்துல பார்த்தேன்!"

"ஒருத்தன் உடம்பைப் பிடிங்கடா, ஒருத்தன் கையை இழுங்கடா. ரெண்டு செகண்ட் வேலை."

கடைசியா சொன்னது நான். இழுத்ததும் நான்தான்.

அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. கை உள்ளே போகலை. ரெண்டாவது தடவை இழுக்கப் போனப்ப, ரோட்டோரம் வண்டியை நிறுத்திட்டு மேட்ச் பார்த்துக்கிட்டிருந்த ஆட்டோ அண்ணன் ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டார். "விடுப்பா தம்பி! தெரியாத வேலையில கை வைக்காதே"ன்னு சொல்லிட்டு, தோள்ல கிடந்த துண்டை எடுத்து அவன் கையை எப்படி வெச்சிருந்தானோ அப்படியே தாங்கிக் கட்டினார். ஆட்டோ கிளம்பிடுச்சு. பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசல்ல நின்னோம்.

அந்த வாசலுக்கு உள்ளே அடுத்த மூணு மணி நேரத்துல நான் பார்த்ததும், அப்புறம் டாக்டர்கள்கிட்ட கேட்டும் படிச்சும் தெரிஞ்சுக்கிட்டதும்தான் இந்தக் கட்டுரை. நாளைக்கு உங்க காலேஜ் கபடி கோர்ட்லயோ, ஹாஸ்டல் மாடிப்படியிலயோ, பைக்ல இருந்து விழுந்தோ யாருக்கு வேணும்னாலும் இது நடக்கலாம். அன்னைக்கு நீங்க என்னை மாதிரி இருக்காதீங்க!

தட்டுல வெச்ச லட்டு

நம்ம உடம்புல இருக்கிற பெரிய மூட்டுகள்ல அதிகமா விலகுறது தோள்தான். ஆஸ்பத்திரிக்கு வர்ற பெரிய மூட்டு விலகல்கள்ல கிட்டத்தட்ட பாதி தோள் கேஸ்தான் என்கிறார்கள். ஏன் தோளுக்கு மட்டும் இந்த கதி?

இடுப்பு மூட்டை எடுத்துக்கங்க. கிண்ணத்துக்குள்ள வெச்ச லட்டு மாதிரி, தொடை எலும்போட உருண்டைத் தலை ஆழமான குழிக்குள்ள உட்கார்ந்திருக்கும். லேசுல வெளியே வராது. தோள் அப்படியில்லை. தட்டுல வெச்ச லட்டு! மேல் கை எலும்போட தலை பெருசு. அது உட்காரும் குழி சின்னது, ஆழமும் இல்லை. குழியைச் சுத்தி ஜவ்வு ஒரு விளிம்பு கட்டியிருக்கு. சுத்தியிருக்கிற தசையும் நாரும் இழுத்துப் பிடிச்சு வெச்சிருக்கு. அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஆழம் இல்லாததாலதான் நம்மால கையைச் சக்கரம் மாதிரி சுத்த முடியுது. பவுலிங் போட முடியுது, பஸ் கம்பியைப் பிடிச்சுத் தொங்க முடியுது, முதுகைச் சொறிய முடியுது. இத்தனை சுதந்திரத்துக்கு நாம கொடுக்கிற விலை, சீக்கிரம் விலகிடும் என்கிற ரிஸ்க்.

கையை நீட்டி விழும்போதும், தூக்கின கையை யாராவது பின்னுக்குத் தள்ளும்போதும் அந்த உருண்டை குழியில இருந்து முன்பக்கமா வழுக்கி, கீழே இறங்கிடுது. நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு கேஸ் இப்படி முன்பக்கம் விலகுறதுதான். பின்பக்கம் விலகுறது அபூர்வம். அது பெரும்பாலும் வலிப்பு வந்தவங்களுக்கும், கரன்ட் ஷாக் அடிச்சவங்களுக்கும் வரும். வெளியே பார்த்தா பெருசா தெரியாது, எக்ஸ்ரேயில கூட சில சமயம் தப்பிடும். அதனால வலிப்பு வந்து எழுந்த நண்பன் "தோள் வலிக்குது, கையை வெளிப்பக்கமா திருப்ப முடியலை"ன்னு சொன்னா, டாக்டர்கிட்ட வலிப்பு வந்த விஷயத்தைச் சேர்த்தே சொல்லுங்க.

முதல் பரிசோதனை... ஒரு துண்டு பஞ்சு!

எமர்ஜென்சியில நுழைஞ்சதும் டாக்டர் உடனே கையைப் பிடிச்சு இழுத்து சரி பண்ணிடுவார்னுதான் நினைச்சேன். அவர் கையைத் தொடக்கூட இல்லை. முதல்ல கேள்வி கேட்டார். எப்படி விழுந்தே? தலையில அடி பட்டுச்சா? இதுக்கு முன்னாடி விலகியிருக்கா? மருந்து ஏதாவது அலர்ஜியா? கடைசியா எப்போ சாப்பிட்டே?

"மேட்ச்சுக்கு முன்னாடி ஆறு இட்லி டாக்டர்."

நர்ஸ் அக்கா சிரிச்சுட்டாங்க. ஆனா அந்த இட்லிக் கேள்வி சீரியஸான கேள்வி. மூட்டை உள்ளே தள்ள சில பேருக்கு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். வயிறு நிறைஞ்சிருக்கும்போது மயக்கம் கொடுத்தா, வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போற ஆபத்து இருக்கு. கிரவுண்டுல 'தண்ணி குடு, ஜூஸ் குடு'ன்னு நாம காட்டுற அன்பு, இங்கே வந்து டாக்டருக்குத் தலைவலியா முடியுது.

அடுத்து மணிக்கட்டுல நாடி பார்த்தார். விரலை மடக்கச் சொன்னார், விரிக்கச் சொன்னார். அப்புறம் ஒரு துண்டு பஞ்சு எடுத்து, தோளுக்குக் கொஞ்சம் கீழே, கையோட வெளிப்பக்கம் தடவினார். போலீஸ்காரங்க சட்டைக் கையில பேட்ஜ் தைச்சிருப்பாங்களே, கிட்டத்தட்ட அந்த இடம்.

"தெரியுதா தம்பி?"

"இல்லை டாக்டர். மரத்துப்போன மாதிரி இருக்கு."

டாக்டர் கேஸ் ஷீட்ல அதைக் குறிச்சுக்கிட்டார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயம் இதுதான். மேல் கை எலும்போட கழுத்தைச் சுத்திக்கிட்டு ஒரு நரம்பு போகுது. கையைப் பக்கவாட்டுல தூக்குற தசைக்கு வேலை கொடுக்கிறதே அதுதான். எலும்புத் தலை இறங்கும்போது அந்த நரம்பு இழுபடலாம், நசுங்கலாம். கையோட பெரிய ரத்தக் குழாயும் பக்கத்துலயேதான் ஓடுது. இது தெரியாம ஒருத்தன் மூட்டைப் பிடிச்சு இழுத்தா என்ன ஆகும்? நான் கேட்டே விட்டேன்.

"டாக்டர்... கிரவுண்டுல நான் ஒரு தடவை இழுத்தேன். அதனாலயா?"

அவர் திட்டலை. "விழுந்ததுலயே ஆகியிருக்கலாம், நீ இழுத்ததுலயும் ஆகியிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அதான் பிரச்னையே"ன்னார்.

அவர் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

படம் வந்தாத்தான் வேலை

அடுத்தது எக்ஸ்ரே. ஒரே கோணத்துல இல்லை, ரெண்டு மூணு கோணத்துல எடுத்தாங்க. மூட்டு விலகியிருக்கிறது கண்ணுக்கே தெரியுதே, அப்புறம் எதுக்குப் படம்? விலகல் மட்டும்தானா, எலும்பும் உடைஞ்சிருக்கா என்கிறது கண்ணுக்குத் தெரியாது. எலும்புத் தலைக்குக் கீழே கழுத்துல விரிசல் இருக்கும்போது இழுத்தா, விரிசல் முறிவாகி, தலை ஒரு பக்கம் தண்டு ஒரு பக்கம்னு பிரிஞ்சிடலாம். அதுக்கப்புறம் ஆபரேஷன்தான். பழக்கம் உள்ள எமர்ஜென்சி டாக்டர்கள் சில கேஸ்ல எக்ஸ்ரேக்கு முன்னாடியே சரி செய்யறதுண்டு. ஆனா முதல் தடவை விலகினவங்களுக்கும், அடி பலமா பட்டவங்களுக்கும், வயசானவங்களுக்கும் படம் பார்த்துட்டுத்தான் கை வைப்பாங்க.

புத்தூர் கட்டு விவகாரத்துக்கும் இதுதான் பதில். ஆந்திராவில் இருக்கிற புத்தூர், தலைமுறை தலைமுறையா எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுற ஊர். நம்ம தாத்தா பாட்டி எல்லாம் திருத்தணி தாண்டிப் போய் கட்டுப் போட்டுக்கிட்டு வந்தவங்கதான். அந்தப் பெயர்ல சென்னை முழுக்க போர்டு தொங்குது. யார் பெரியவங்க என்கிற சண்டை இங்கே வேண்டாம். எக்ஸ்ரே இல்லாம, நரம்பு, நாடி பார்க்காம விலகின தோளை யார் தொட்டாலும் அது இருட்டுல கை விடுற வேலை. நான் செஞ்சதும் அதேதான்.

உலக்கை, குதிகால், ஒரு சொட்டு பொறுமை

படம் வர்ற வரைக்கும் ஒரு குட்டி சரித்திரம் பார்த்துடலாம்.

தோள் விலகுறது மனுஷன் மரம் ஏற ஆரம்பிச்ச காலத்துல இருந்தே இருக்கிற தொல்லை. எகிப்துல இபுய் என்பவரோட கல்லறையில ஒரு ஓவியம் இருக்கு. வயசு சுமார் 3,200 வருஷம். அதுல ஒருத்தர் இன்னொருத்தரோட கையைப் பிடிச்சு மூட்டைச் சரி செய்யற மாதிரி வரைஞ்சிருக்கு. நம்ம ஊர் சுஸ்ருத சம்ஹிதையில, தோள் விலகினா அக்குளுக்குக் கீழே உலக்கையைக் கொடுத்துத் தூக்கி, மூட்டு இடத்துல உட்கார்ந்ததும் குறுக்கும் நெடுக்குமா கட்டுப் போடணும்னு சொல்லியிருக்கு. கிரேக்கத்து ஹிப்போகிரடீஸ், அக்குள்ல வைத்தியரோட குதிகாலை வெச்சுக் கையை இழுக்கிற முறையை எழுதி வெச்சார்.

1870-ல ஸ்விட்சர்லாந்து சர்ஜன் தியோடர் கோக்கர், இழுக்காம கையைப் படிப்படியா திருப்பி உள்ளே கொண்டு போற முறையை வெளியிட்டார். பின்னாடி 1909-ல தைராய்டு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு வாங்கினாரே, அவரேதான். 1900-ல அமெரிக்க சர்ஜன் ஸ்டிம்சன், நோயாளியைக் குப்புறப் படுக்க வெச்சு, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதுல கொஞ்சம் எடை கட்டிக் காத்திருக்கச் சொன்னார். 2003-ல ஆஸ்திரேலியாவோட எமர்ஜென்சி டாக்டர் கன்னிங்ஹாம், நோயாளியை நிமிர்ந்து உட்கார வெச்சு, தோள் தசைகளை மெள்ள நீவி விட்டே மூட்டை உள்ளே அனுப்புற முறையைச் சொன்னார்.

கவனிச்சீங்களா? உலக்கையில ஆரம்பிச்ச வைத்தியம், மசாஜ்ல வந்து நிக்குது. பலம் குறைஞ்சுக்கிட்டே வருது, பொறுமை கூடிக்கிட்டே வருது.

காரணம் ரொம்ப சிம்பிள். மூட்டை வெளியே பிடிச்சு வெச்சிருக்கிறது எலும்பு இல்லை, பயத்துலயும் வலியிலயும் இறுகிப்போன தசை. நாம இழுக்க இழுக்க அது இன்னும் இறுகும். பதினைஞ்சு பேர் கத்திக்கிட்டு சுத்தி நிக்கும்போது எந்தத் தசையாவது தளருமா? தசை தளர்ந்தா வந்த வழியிலயே உருண்டை திரும்பிப் போயிடும். அதனால எமர்ஜென்சி டாக்டரோட பாதி வேலை, நோயாளியைப் பயம் இல்லாம வெச்சுக்கிறதுதான்.

'டக்'

படம் வந்தது. எலும்புத் தலை குழியை விட்டு முன்னாடி, கீழே இறங்கி நிக்குது. முறிவு இல்லை.

அதுக்குள்ள ஐ.வி. லைன் போட்டு வலிக்கு ஊசி கொடுத்திருந்தாங்க. அப்புறம் மூட்டுக்குள்ளயே மரத்துப்போற மருந்து ஒண்ணு போட்டாங்க. ஆறு இட்லி காரணமா முதல்ல முழு மயக்கம் இல்லாமலே முயற்சி பண்ணலாம்னு டாக்டர் முடிவு பண்ணினார். தேவைப்பட்டா என்ன மருந்து கொடுப்பாங்க, என்ன ரிஸ்க்னு அவன்கிட்டயே விளக்கி, கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க. வலது கை வேலைக்கு ஆகாதே, இடது கையால கிறுக்கினான். விரல்ல ஒரு கிளிப், மார்ல ஒயர், பக்கத்துல ஆக்சிஜன். சின்ன வேலைதானேன்னு எதையும் விடலை.

"யார்ப்பா கூட வந்தது? ஒருத்தர் மட்டும் உள்ள வாங்க."

போய் அவன் இடது கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

டாக்டர் அவன் முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சு, மணிக்கட்டைப் பிடிச்சு, கதவை மெதுவா திறக்கிற மாதிரி முன்கையை வெளிப்பக்கமா கொண்டு போக ஆரம்பிச்சார். கொஞ்ச தூரம். வலிக்குதுன்னா அங்கேயே நிறுத்தம். மூச்சை இழுத்து விடச் சொல்றார். தசை தளர்ந்ததும் மறுபடி கொஞ்ச தூரம். நடு நடுவுல, "கேட்ச் பிடிச்சியா, விட்டுட்டியா?"

"பிடிச்சுட்டேன் டாக்டர்!"

"அப்புறம் என்ன, தைரியமா இரு."

ஏழெட்டு நிமிஷம் இருக்கும். பெரிய இழுப்பு இல்லை, சத்தம் இல்லை. திடீர்னு ஒரு சின்ன 'டக்'. அவ்வளவுதான்! அவன் முகத்தைப் பார்க்கணுமே... காலையில இருந்து இறுகிக் கிடந்த முகம், அப்படியே மலர்ந்துடுச்சு. தோள் மறுபடி உருண்டை ஆயிடுச்சு.

படிக்கும்போது ரொம்ப ஈஸியா தெரியுதுல்ல? பாஸ், இதை வெச்சு யாரும் டாக்டர் ஆயிடாதீங்க! படம் பார்த்து, மருந்து கொடுத்து, முதல் முறை சரிவரலைன்னா அடுத்து என்ன என்கிற திட்டத்தோட செஞ்சதால வந்த ஈஸி அது. சில பேருக்கு முழு மயக்கம் தேவைப்படும். சில பேருக்கு ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் போகும்.

உள்ளே போனதும் மறுபடி நாடி, மறுபடி பஞ்சு, மறுபடி எக்ஸ்ரே. மரத்துப்போன இடம் அப்படியேதான் இருந்தது. "பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல திரும்பிடும். ஃபாலோ-அப் மட்டும் விடாதீங்க"ன்னு சொல்லி, கையை ஸ்லிங்ல போட்டு அனுப்பிட்டாங்க.

வோக்ஸே ஆடலையா?

'டக்'னு உள்ளே போயிடுச்சு, படம் முடிஞ்சுதுன்னு நினைச்சோம். நிஜமான படமே அப்புறம்தான்.

பத்தாவது நாள் அவன் ஸ்லிங்கைக் கழட்டி வெச்சுட்டு கிரவுண்டுக்கு வந்துட்டான். "வலியே இல்லை மச்சி. ஒரு ஓவர் போடறேன். கிறிஸ் வோக்ஸ் ஒத்தக் கையோட பேட்டிங் ஆட வரலையா?"

வந்தார்தான். 2025 ஜூலை 31, ஓவல் டெஸ்ட்டோட முதல் நாள், பவுண்டரியைத் தடுக்க விழுந்ததுல வோக்ஸோட இடது தோள் விலகிடுச்சு. ஆகஸ்ட் 4, கடைசி நாள். இங்கிலாந்துக்கு 9 விக்கெட் போயாச்சு, இன்னும் 17 ரன் வேணும். இடது கையை ஸ்வெட்டருக்குள்ள கட்டிக்கிட்டு அவர் இறங்கினப்ப, நம்ம ரசிகர்களே எழுந்து நின்னு கை தட்டினாங்க. அட்கின்சனை சிராஜ் போல்டு பண்ண, இந்தியா 6 ரன்ல ஜெயிச்சது.

ஆனா அந்தக் கதையில நாம கவனிக்காம விட்டது ரெண்டு. வோக்ஸ் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கலை. ரன் ஓடினப்ப ஒவ்வொரு அடியிலயும் அவர் வலியில முகம் சுளிச்சதை டி.வி.யில எல்லாரும் பார்த்தோம். அடுத்த மாசமே, செப்டம்பர்ல, சர்வதேச கிரிக்கெட்டுக்கு குட்பை சொல்லிட்டார்.

நம்ம ஷ்ரேயஸ் ஐயரையும் பாருங்க. 2021 மார்ச் 23, புனேயில இங்கிலாந்தோட ஒரு நாள் போட்டி. ஃபீல்டிங்ல விழுந்து இடது தோள் பாதி விலகிடுச்சு. பாதிதான்! அதுக்கே ஏப்ரல்ல ஆபரேஷன். செப்டம்பர்லதான் ஐ.பி.எல்.லுக்குத் திரும்பினார்.

மூட்டு வெளியே வரும்போது, குழியைச் சுத்தியிருக்கிற ஜவ்வு விளிம்பு முன்பக்கம் கிழிஞ்சிடுது. எலும்புத் தலையிலயும் ஒரு பள்ளம் விழலாம். மூட்டு உள்ளே போனதால கிழிஞ்ச ஜவ்வு ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம் இல்லை. இதுல வயசு நமக்கு எதிரி. நாற்பது தாண்டினவங்களுக்கு மறுபடி விலகுற வாய்ப்பு குறைவு. அவங்களுக்குத் தசைநார் கிழியறதுதான் கவலை. இருபது வயசை ஒட்டின, விளையாடற பசங்களுக்கோ பாதிப் பேருக்கு மேல திரும்ப விலகுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ரெண்டாவது தடவை விலகினா மூணாவது இன்னும் சுலபம். அப்புறம் தூக்கத்துல புரண்டாக்கூட, பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சாக்கூட விலகிடும். அந்த நிலைமைக்குப் போனா ஜவ்வைத் தைக்கிற ஆபரேஷன்தான்.

பொதுவா நம்ம வயசுக்காரங்களுக்கு ரெண்டு மூணு வாரம் ஸ்லிங். அப்புறம் பிசியோதெரபி. தோளைப் பிடிச்சு வெச்சிருக்கிற தசைகளை ரப்பர் பேண்ட் வெச்சுப் படிப்படியா பலப்படுத்துறாங்க. பந்து எறியற மாதிரி கையைத் தூக்கிப் பின்னால கொண்டு போற அசைவு, டாக்டர் சொல்ற வரைக்கும் கூடவே கூடாது. கபடி, ஃபுட்பால் மாதிரி மோதற விளையாட்டுக்கு ஏறக்குறைய மூணு மாசம் ஆகும். சரியான கணக்கை உங்க டாக்டரும் பிசியோவும்தான் சொல்லணும். யூடியூப் இல்லை!

அன்னைக்கு அவன் கையில இருந்து பந்தைப் பிடுங்கினவனும் நான்தான். "ஏன்டா, நீ யாருடா எனக்கு?"ன்னு கத்தினான். "உன் கையை இழுத்தவன்"னு சொன்னேன். பேசாம ஸ்லிங்கை மாட்டிக்கிட்டான்.

நண்பனுக்குத் தோள் விலகிட்டா...

* இழுக்காதீங்க, திருப்பாதீங்க, நீவாதீங்க. எண்ணெய், தைலம் எதுவும் வேண்டாம்.

* கையை எந்த நிலையில வெச்சிருக்கானோ அப்படியே துண்டு, துப்பட்டா, சட்டை... எது கிடைக்குதோ அதால தாங்கிக் கட்டுங்க. கைக்கும் உடம்புக்கும் நடுவுல இடைவெளி இருந்தா துணியை மடிச்சு வைங்க.

* மோதிரம், வாட்ச், ஃப்ரெண்ட்ஷிப் பேண்டை உடனே கழட்டிடுங்க. கை வீங்கினா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.

* ஐஸ் இருந்தா துணியில சுத்தி 15, 20 நிமிஷம் வைங்க. நேரா தோல் மேல வேண்டாம்.

* சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீங்க.

* பைக்ல நடுவுல உட்கார வெச்சு ட்ரிபிள்ஸ் போகாதீங்க. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் அவன் உயிர் போயிட்டு வரும். ஆட்டோ, கார், இல்லைன்னா 2008-ல இருந்து நம்ம மாநிலத்துல ஓடிக்கிட்டிருக்கிற இலவச 108.

* விரல் வெளுத்துப் போனாலோ, ஜில்லுன்னு ஆனாலோ, மரத்துப் போனாலோ, தலையிலும் அடி பட்டிருந்தாலோ ஒரு நிமிஷம்கூட தாமதம் வேண்டாம்.

* அவசரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுல மட்டும் இருக்கட்டும். நேரம் ஆக ஆக தசை இறுகி, மூட்டை உள்ளே தள்றது கஷ்டமாயிடும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' கூடவே கூடாது.

* ரோடு விபத்துன்னா பணத்தை நினைச்சுத் தயங்காதீங்க. முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை அரசே ஏத்துக்கிற 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல மேல்மருவத்தூர்ல தொடங்கப்பட்டது. திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் பொருந்தும். ஜி.எஸ்.டி. ரோட்ல தினம் பைக் ஓட்டுற நாம எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய திட்டம்.

இப்போ அவன் எப்படி இருக்கான்னு கேட்கிறீங்களா? ஆறாவது வாரம் பஞ்சால தடவிப் பார்த்தப்ப, "லேசா தெரியுது டாக்டர்"னான். அந்த 'லேசா'வைக் கேட்டப்பதான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபியை ஒரு நாள்கூட விடலை. விட நான் விடலை. மூணு மாசம் கழிச்சு மறுபடி டீம்ல சேர்ந்தான். இப்போதைக்கு ஸ்லிப்ல மட்டும்தான் நிக்கிறான். பாயறதுக்கு இன்னும் பெர்மிஷன் கொடுக்கலை.

எங்க கிட் பேக்ல இப்போ பேட், பந்து, ஸ்டம்ப்போட ஒரு பருத்தித் துண்டும் இருக்கு. ஆட்டோ அண்ணனோட துண்டுதான். திருப்பிக் கொடுக்கப் போனப்ப அவர் வாங்கிக்கலை. "வெச்சுக்கோ தம்பி. உங்க டீம் ஆடற ஆட்டத்துக்கு மறுபடி தேவைப்படும்!"னு சொல்லிட்டுப் போயிட்டார்.